திரும்பி வரும் பிள்ளைக்கு முதல் வேலை சிம் கார்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் படிப்புக்குப் போகிற பிள்ளைகளுக்கு எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் ஆலோசனைக்குக் குறைவே இல்லை. எந்த நாடு, எந்தக் கல்லூரி, எவ்வளவு கடன், பெட்டி எத்தனை கிலோ, புளிக்காய்ச்சலை எப்படிக் கட்டி எடுத்துப்போவது என்பது வரை சொல்லிவிடுகிறார்கள். படிப்பு முடிந்து திரும்புகிறவருக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. அந்தக் காலத்தில் ரங்கூன், பினாங்கு நகரத்தார் வட்டிக்கடைகளுக்கு மூன்று வருஷக் கெடுவில் போன ஏஜெண்டுகளுக்கு, கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் வந்து சேருவதும் வேலையில் ஒரு பகுதி. இன்றைக்கோ திரும்பி வருவதென்றால் விமான டிக்கெட் மட்டும்தான் என்று ஆகிவிட்டது. வங்கியிலும் வரி அலுவல்களிலும் பல வருஷம் இருந்தவர்கள் என்ற முறையில், இதில் எங்கே சிக்குகிறது, எந்த வரிசையில் செய்தால் சிக்காது என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு, முக்கியமாகப் பெற்றோருக்கு, எழுதுகிறோம்.

முதலில் செல்போன் எண். ஆதார், வங்கி, பான், யுபிஐ எல்லாம் அந்தப் பத்து இலக்கத்தில்தான் தொங்குகின்றன. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணைத் துண்டிக்கலாம், பிறகு அதை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். பிள்ளை லண்டனில் இருக்கும்போது இங்கே ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் இன்று யாரோ ஒரு முன்பின் தெரியாதவர் கையில் இருக்கலாம். வங்கி அனுப்பும் ஓடிபி அவருக்குப் போகும். போன எண் திரும்பக் கிடைக்காது என்றால் புது எண் வாங்கி, ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்து ஆதாரில் மாற்றிக்கொள்வதுதான் உறுதியான வழி. அதன் பிறகு வங்கிக் கிளை, அதன் பிறகு வருமானவரி இணையதளம், கடைசியில் யுபிஐ. இந்த வரிசையை மாற்றிச் செய்தால் ஒவ்வொரு கவுண்ட்டரிலும் முந்தைய கவுண்ட்டருக்குத் திருப்பி அனுப்புவார்கள்.

பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு அப்பாவின் எண்ணைக் கொடுத்து வைத்திருக்கிற வீடுகளில் வேறொரு தொல்லை. யுபிஐ செயலி, பதிவான எண்ணின் சிம் அதே போனில் இருக்கிறதா என்று ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்த்துக்கொள்ளும். அப்பாவின் சிம்மைக் கழற்றிப் பிள்ளையின் போனில் போட்டால் அப்பாவின் யுபிஐ நின்றுவிடும். ஆகவே கணக்கில் எண்ணை மாற்றாமல் வேறு வழியில்லை.

போனிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14-ஆம் வரிசையிலிருந்து சிம் போடும் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான். வீட்டில் பத்திரமாக வைத்திருந்த சிம்மை நீட்டினால் நுழைக்க இடம் இருக்காது. அதே எண்ணை இ-சிம்மாக மாற்றித் தருகிறார்கள். ஆனால் சிம் மாற்றிய முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடியைத் தடுக்க வைத்த ஏற்பாடு இது, பழுது இல்லை. அன்றைக்கே வங்கி வேலையை வைத்துக்கொண்டு ஓடிபி வரவில்லையே என்று கவுண்ட்டரில் சண்டை போட வேண்டாம். அங்கே தவணையில் வாங்கிய போன் என்றால் அந்த நாட்டு நிறுவனத்தோடு பூட்டப்பட்டிருக்கும். தவணையை முடித்துப் பூட்டைத் திறந்துகொண்டுதான் விமானம் ஏற வேண்டும். அங்குள்ள எண்ணையும் ஓர் ஆறு மாதம் உயிரோடு வைத்திருப்பது நல்லது. அங்குள்ள வங்கியும் ஓடிபிதான் அனுப்பும்.

அடுத்து வங்கி. படிக்கப் போன மாணவரும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர்தான். போகும்போது சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ என்ற, வெளிநாடுவாழ் இந்தியருக்கான ரூபாய்க் கணக்காக மாற்றியிருக்க வேண்டும். பலர் மாற்றுவதில்லை, கேட்க ஆளும் இல்லை. மாற்றியவர்கள், இங்கேயே தங்குவது என்று வந்துவிட்டால் அதைத் திரும்பவும் உள்நாட்டுக் கணக்காக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டுவைக்கும் என்ஆர்இ கணக்கு இருந்தால் அதையும்தான். மிச்சம் பிடித்த டாலரையோ பவுண்டையோ உடனே ரூபாயாக்க மனமில்லை என்றால், திரும்பி வந்தவர்களுக்கென்றே ஆர்எஃப்சி என்ற வெளிநாட்டுச் செலாவணிக் கணக்கு இருக்கிறது. சின்னக் கிளைகளில் இதைத் திறந்து பழக்கம் இருக்காது, பெரிய கிளையில் கேட்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு மேல் வரவுசெலவே இல்லாத கணக்கு செயல்படாத கணக்காகிவிடும். அடையாள ஆவணங்களோடு போனால் எழுப்பித் தருவார்கள், அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

கையில் நோட்டாகக் கொண்டுவருகிறவர்கள் கவனிக்க: 5,000 டாலர் மதிப்புக்கு மேல் வெளிநாட்டு நோட்டு இருந்தாலோ, பயணக் காசோலை உட்பட எல்லாம் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினாலோ விமான நிலையத்திலேயே படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஊர் வந்தபின் 2,000 டாலர் மதிப்பு வரை நோட்டாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதை 180 நாளுக்குள் வங்கியிலோ உரிமம் பெற்ற மாற்றுக் கடையிலோ கொடுத்து மாற்றிவிட வேண்டும். பீரோவில் ஆச்சியின் நகைப்பெட்டிக்குள் வைத்து மறந்துபோகிற பணம் இதுதான்.

வருமானவரியில் நடக்கும் தவறு இன்னும் பெரியது. "இத்தனை வருஷம் என்ஆர்ஐயாக இருந்தேன், இன்னும் இரண்டு வருஷத்துக்கு வெளிநாட்டுக் கணக்கைக் காட்ட வேண்டாம்" என்று பிள்ளைகள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சலுகை வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் நெடுங்காலம் இருந்து வந்தவர்களுக்கு உரியது. அது கிடைக்க, முந்தைய 10 வருஷத்தில் 9 வருஷம் வரிக் கணக்கில் வெளிநாடுவாழ்பவராக இருந்திருக்க வேண்டும், அல்லது முந்தைய 7 வருஷத்தில் இந்தியாவில் இருந்த நாள் 729-க்கு மேற்படாமல் இருக்க வேண்டும். இரண்டு வருஷம் எம்எஸ் படித்துவிட்டு வந்தவர் இந்த இரண்டிலும் வரமாட்டார். செப்டம்பரில் வந்தால் மார்ச்சுக்குள் 182 நாள் கடந்துவிடும், அந்த வருஷமே வரிக் கணக்கில் முழு உள்நாட்டவர். டிசம்பரில் வந்தால் 182 நாள் ஆகாதே என்பார்கள். 60 நாளும், முந்தைய நான்கு வருஷத்தில் 365 நாளும் இருந்தால் போதும் என்று இன்னொரு கணக்கு இருக்கிறது. விடுமுறைக்கு வந்து போகிறவர்களுக்குத்தான் அதில் விலக்கு, தங்க வந்தவருக்கு இல்லை.

ஆக, அங்கே 300 பவுண்டு கிடக்கிற கணக்கை மூடாமல் வந்தால், இங்கே வரி கட்டும் அளவு வருமானம் இல்லாவிட்டாலும் வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்து, அதில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் அதைக் காட்ட வேண்டும். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 இதற்கு ஆகாது. குறைந்தது ஐடிஆர்-2. பட்டியல் ஏப்ரல்-மார்ச் கணக்கில் இல்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரை. காட்டாவிட்டால் 2015-ஆம் வருஷக் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடம் இருக்கிறது. வீடு, நிலம் நீங்கலாக மொத்தம் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொத்துக்கு 2024 அக்டோபர் முதல் அந்த அபராதம் இல்லை என்றாலும், காட்ட வேண்டிய கடமை அப்படியேதான் இருக்கிறது. தேவையில்லாத கணக்கை அங்கிருக்கும்போதே மூடிவிடுவதுதான் எங்கள் யோசனை. ஆனால் வாடகை அட்வான்ஸும் வரி ரீஃபண்டும் வந்து விழும்வரை மூட வேண்டாம். பான் எண்ணையும் ஆதாரையும் 2023 ஜூன் 30-க்குள் இணைக்காமல் விட்டுப் பான் செயலிழந்திருந்தால் 1,000 ரூபாய் கட்டி இணைத்த பிறகுதான் மற்றதெல்லாம் நடக்கும்.

அங்கே விட்டுவந்த பணத்தையும் பலர் கேட்டு வாங்குவதில்லை. அமெரிக்காவில் வளாக வேலை பார்த்தவர், நாடு திரும்பிய பிறகும் அடுத்த ஏப்ரல் 15-க்குள் 1040-என்ஆர் என்ற வரிக் கணக்குப் படிவம் போட வேண்டும். இந்தியாவுடனான வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவில் நம் மாணவர்களுக்கு நிலையான கழிவு உண்டு, பெரும்பாலும் பிடித்த வரியில் ஒரு பங்கு திரும்பி வரும். சம்பளச் சான்றான டபிள்யூ-2 ஜனவரியில் பழைய முகவரிக்குப் போய்விடும் என்பதால், கிளம்புமுன் அதை இணைய வழியில் பெற ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பிரிட்டனில் பகுதிநேர வேலை பார்த்தவர் பி85 படிவத்தில் நாட்டைவிட்டுப் போவதைத் தெரிவித்தால் கூடுதலாகப் பிடித்த வரியைக் கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் சம்பளத்தோடு முதலாளி கட்டிய சூப்பர் என்ற ஓய்வூதியச் சேமிப்புத் தொகையை, விசா முடிந்து வெளியேறிய பிறகு இங்கிருந்தே விண்ணப்பித்து வாங்கலாம். நல்ல துண்டு வரியாகப் போய்விடும், இருந்தாலும் மிச்சம் நம் காசு.

கல்விக் கடனுக்கு வருவோம். எங்கள் ஊர்ப் பெரிய வீடுகள் பார்வைக்குக் கோடி பெறும், அடமானத்துக்குச் செல்லாது. பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தானே? அதனால் அப்பா தன் பெயரிலுள்ள மனையையோ மதுரை, சென்னை ஃபிளாட்டையோ வைத்துத்தான் பெரும்பாலும் கடன் வாங்கியிருப்பார். படிப்புக் காலமும் அதற்குமேல் ஒரு வருஷமும் தவணை இல்லை என்பதை வட்டியும் இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தனிவட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். 20 லட்சம் ரூபாய், 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுத் தொகையும் தொடக்கத்திலேயே கொடுக்கப்பட்டிருந்தால் இரண்டு வருஷப் படிப்பும் ஒரு வருஷ அவகாசமும் சேர்ந்து 6 லட்சம் வட்டி. தவணை தொடங்கும் நாளில் அது அசலோடு சேர்ந்து 26 லட்சமாகும். 15 வருஷத்துக்கு மாதம் சுமார் 27,940 ரூபாய். வட்டியை அவ்வப்போது கட்டிவந்திருந்தால் 20 லட்சத்துக்கு மாதம் சுமார் 21,490தான். வித்தியாசம் மாதம் ஏறக்குறைய 6,450 ரூபாய், 15 வருஷத்துக்கு.

திரும்பி வந்த பிள்ளைக்கு வேலை கிடைக்கத் தாமதமானால், தவணை தவறும் முன்பே கிளைக்குப் போய் எழுத்தில் அவகாசம் கேட்க வேண்டும். 90 நாள் பாக்கி நின்றால் கடன் வாராக்கடனாகிவிடும். சேர்ந்து கையெழுத்திட்ட அப்பாவின் சிபில் என்ற கடன் மதிப்பெண்ணும் அதோடு இறங்கும், பிறகு தங்கைக்குக் கடன் கேட்கப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். வருமானவரியில் 80இ என்று பழகிய கல்விக் கடன் வட்டிக் கழிவு பழைய வரிமுறையில் மட்டும்தான், வட்டி கட்டத் தொடங்கியதிலிருந்து 8 வருஷத்துக்குத்தான். கடன் யார் பெயரில் இருக்கிறதோ அவரே தன் வருமானத்திலிருந்து வட்டி கட்டினால்தான் கேட்க முடியும். கடன் அப்பா பெயரில் இருந்து மகன் கட்டினால் மகனுக்குக் கழிவு கிடைக்காது.

சான்றிதழ் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. பட்டச் சான்று உண்மையானது என்று பிற நாடுகள் ஏற்கும் அப்போஸ்டில் முத்திரையை, பட்டம் கொடுத்த நாட்டில்தான் வாங்க முடியும். சென்னையில் எவ்வளவு அலைந்தாலும் பிரிட்டன் பட்டத்துக்கு இங்கே அது கிடைக்காது. அமெரிக்கா என்றால் பல்கலைக்கழகம் இருக்கும் மாநிலத்தின் செயலர் அலுவலகம். கனடா இந்த ஏற்பாட்டில் வந்ததே 2024 ஜனவரியில்தான், அதற்கு முன் வந்தவர்களின் தாளில் வேறு முத்திரை இருக்கும். அரசு வேலை, இங்கே மேற்படிப்பு, ஆசிரியர் பணி எதற்கும் பட்டச் சமநிலைச் சான்று கேட்பார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2025-இல் இதற்குப் புதிய விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. பாடத்திட்டமும் மதிப்பெண் பட்டியலும் முத்திரையோடு கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மருத்துவம் படித்து வருகிறவர்களை ஊர் வந்த அன்றே வீடு "டாக்டர்" என்று கூப்பிடத் தொடங்கிவிடுகிறது, பக்கத்து வீட்டுப் பெரியாச்சி பிரஷர் மாத்திரை எழுதித் தரச் சொல்கிறார். எழுதக் கூடாது. 300 கேள்வியில் 150 எடுத்து வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்எம்ஜிஇ தேர்வில் தேற வேண்டும். வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. 2021 நவம்பர் 18-க்குப் பிறகான விதிப்படி, படிப்பு குறைந்தது 54 மாதமும், படித்த கல்லூரியிலேயே 12 மாதப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும், அதற்குமேல் இங்கே 12 மாதப் பயிற்சி. பதிவு எண் கைக்கு வர இரண்டு வருஷமாவது ஆகும் என்று எண்ணித்தான் வீட்டுச் செலவுக்குத் திட்டம் போட வேண்டும்.

ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மறுபடி வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும், அதற்குள் போனால் புதுப்பித்துத் தருவார்கள். அமெரிக்காவிலிருந்து வந்தவரை முதல் இரண்டு வாரம் தனியாகப் பைக் எடுக்க விடாதீர்கள். சாலையைக் கடக்கும்போது தலை தன்னால் தப்பான பக்கம் திரும்பும்.

வீட்டுக்குள் வருவோம். இன்றைக்குத் திரும்பும் பிள்ளைகளில் பலருக்கு வீட்டிலிருந்தே வேலை, அதுவும் இரவில். முகப்பில் இருக்கும் மோடத்தின் வைஃபை, செட்டிநாட்டு வீட்டின் இரண்டாம் கட்டுக்கு எட்டாது. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய அந்தச் சுவரின் கனம் அப்படி. 5 கிகாஹெர்ட்ஸ் அலை முதல் சுவரிலேயே சோர்ந்துவிடும், 2.4 இன்னும் கொஞ்சம் தூரம் வரும், அவ்வளவுதான். நடுவில் ரிப்பீட்டர் வைத்தால் வேகம் பாதியாகும். முகப்பிலிருந்து தாழ்வாரத்து ஓரமாக கேட்-6 கேபிள் ஒன்றை இழுத்து, வேலை செய்யும் அறையில் இன்னொரு ரவுட்டரை மாட்டுவதே சரி. 100 மீட்டர் வரை தாங்கும், எவ்வளவு பெரிய வீட்டுக்கும் போதும். திறந்த முற்றத்தைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் மட்டும் செம்புக் கேபிள் வேண்டாம், இடிமின்னலில் இரண்டு பக்கப் பெட்டியும் போகும். அந்தத் துண்டுக்கு ஃபைபர் போடச் சொல்லுங்கள். மோடத்துக்கென்று விற்கும் 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கி வைத்தால் மின்வெட்டில் மீட்டிங் அறுந்துபோகாது.

பூட்டிக் கிடந்த மாடி அறையைத் திறந்து ஏசி மாட்டுகிறவர்கள், மரப்பட்டைக்குள் ஓடும் பழைய வயரில் அதைச் செருகாதீர்கள். பல வீடுகளில் எர்த் கிடையாது. மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. வயர், தனி எம்சிபி, புது எர்த், பிறகு ஏசி. சுத்தம் செய்கிறேன் என்று ஆத்தங்குடித் தரையில் ஆசிட் ஊற்றிவிட வேண்டாம். அது சிமெண்ட் கல், நிறம் அரித்துப்போகும். அமெரிக்காவிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த ரைஸ் குக்கரையும் ஹேர் டிரையரையும் திருப்பி அடியில் பார்க்கவும். "இன்புட் 100-240 வோல்ட்" என்று இருந்தால் சரி. 120 மட்டும் என்றிருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகிய உடனே புகை வரும்.

சாப்பாட்டில், வந்த அன்றே நண்டும் உப்புக்கறியும் கந்தரப்பமும் என்று இலையை நிரப்புவது பாசம்தான், வயிற்றுக்குத்தான் அது தெரியாது. இரண்டு வாரம் கொதித்து ஆறிய தண்ணீர், வீட்டுச் சாப்பாடு. வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டிப் போட்டுக் கரைத்துக் கொடுங்கள். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம், தூக்கம் திரும்ப நேர வித்தியாசத்தில் மணிக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். பகல் பன்னிரண்டு வரை தூங்குகிற பிள்ளையைச் சோம்பேறி என்று முதல் வாரத்திலேயே முடிவு கட்ட வேண்டாம்.

மனசுக்கு இதைவிட நாள் பிடிக்கும். வெளிநாடு போனவர் முதலில் மகிழ்ந்து, பிறகு தாழ்ந்து, பின் நிமிர்கிறார் என்பதை 1955-இல் லிஸ்கார்ட் என்ற நார்வேக்காரர் எழுதினார். ஊர் திரும்பிய பிறகும் அதே ஏற்ற இறக்கம் இன்னொரு முறை வருகிறது என்று 1963-இல் அமெரிக்காவின் கல்லஹார்ன் தம்பதியர் சேர்த்தார்கள். முதல் மூன்று வாரம் எல்லாம் இனிக்கும். சரிவு அதற்குப் பிறகுதான், வந்து பார்க்கிற உறவுக்காரர்கள் குறைந்து, வேலை விண்ணப்பங்களுக்குப் பதில் வராமல் இருக்கும்போது. வீட்டார் அதைத் திமிர் என்று படிக்கிறார்கள். "அங்கே எல்லாம் இப்படி இல்லை" என்று பிள்ளை சொல்வது பெரும்பாலும் ஊரைக் குறை சொல்வதற்காக இல்லை, இரண்டு வருஷம் வாழ்ந்ததைப் பற்றிப் பேச அதைவிட்டால் வேறு வாசல் கிடைக்காததால்தான். அப்போது ஒருவர் உட்கார்ந்து, அங்கே தங்கியிருந்த அறை எப்படி, யார் சமைத்தார்கள் என்று கேட்டால் போதும்.

நம் வீடுகளில் கேட்கும் கேள்வி இரண்டுதான்: "எப்ப வந்தீக? எப்பப் போறீக?" தங்க வந்தவரை அது குத்தும். மூன்றாவது கேள்வி கல்யாணம். நகரத்தார் கணக்கில் கல்யாணம் ஆனவர்தான் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பம், கோயில் வரியும் அதற்குப் பிறகுதான். அதனால் இருபத்தைந்து வயதில் தனியாகச் சமைத்து, வாடகை கட்டி, வரிக் கணக்கு வரை பார்த்த பிள்ளை வீட்டுக்கு வந்ததும் மறுபடி சின்னப் பிள்ளையாகிவிடுகிறது. கல்யாணமான மகனை அதே வீட்டுக்குள் தனி அடுப்பு கொடுத்து வேறு வைப்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். ஒரே வளவு, வேறு பானை. திரும்பி வந்த பிள்ளைக்கும் அதைக் கொஞ்சம் மாற்றிச் செய்யலாமே: ஓர் அறை, அதன் சாவி, வீட்டுச் செலவில் ஒரு பங்கு, கேட்காமல் கதவைத் திறப்பதில்லை என்ற ஏற்பாடு. பெண்பிள்ளைகளுக்கு இது இரட்டிப்பாக வேண்டும், அவர்களுக்குத்தான் வந்த மறுவாரமே ஜாதகம் எடுக்கப்படுகிறது. தூக்கமும் சாப்பாடும் குறைந்து, ஆள் பேசாமல் ஒதுங்குவது மாதக்கணக்கில் நீடித்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஊர்தோறும் இருக்கும் சங்கங்களும் கல்லூரிகளும் போகிறவர்களுக்கு நடத்தும் கூட்டத்தில் கடைசி ஒரு மணி நேரத்தைத் திரும்புகிறவர்களுக்கு ஒதுக்கலாம். ஒரு வங்கி அலுவலர், ஒரு கணக்காயர், முந்தைய வருஷம் திரும்பி வந்த இரண்டு பிள்ளைகள் இருந்தால் போதும். ஆகஸ்ட், செப்டம்பரில் வைத்தால், படிப்பு முடித்து வருகிறவர்கள் ஊரில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்கள் இருவர், வரி ஆலோசகர் ஒருவர்,
காரைக்குடி.